சிங்கவரத்துக் கெணத்து ருசி

எங்க வீட்டு ஆர்.ஓ. மிஷின் தண்ணிய நீங்களும் ஒரு டம்ளர் குடிச்சுப் பாக்கலாம் சார். ஒரு குறையும் இருக்காது. ருசியும் இருக்காது.

எங்க மாமியார் தனகோட்டி பொறந்தது சிங்கவரம். செஞ்சிக்கு வாக்கப்பட்டு வந்து நாப்பது வருஷமாகியும் அந்த ஊரு கெணத்துத் தண்ணி அவங்க நாக்க விட்டு எறங்கல. மிஷின் மாட்டுன அன்னிக்கே, "இன்னாடி இது, சப்புன்னு இருக்குது"ன்னாங்க. வாங்கியாந்தது அவங்க புள்ள வெற்றிவேல். திட்டு எனக்கு. மாமியார் ஒடச்சா மண்கொடம், மருமவ ஒடச்சா பொன்கொடம்.

பதினோரு வருஷமா நான் வெச்ச கொழம்பு, சுட்ட தோச, பெத்த பொண்ணு எதையும் அவங்க நல்லா இருக்குதுன்னு சொன்னதில்ல. சரி, கேட்ட ருசியத்தான் குடுப்போமேன்னு, தண்ணியில கலக்குற தாது உப்புப் பொட்டலம் வாங்கியாந்து கொடத்துல போட்டேன். ஒரு மடக்கு குடிச்சாங்க. "எங்க ஊரு கெணறாட்டமே இருக்குதுடி மணிமொழி"ன்னாங்க. என் பேரு அவங்களுக்குத் தெரியும்ன்றதே அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. தெரு பூரா சொல்லி வெச்சாங்க. எனக்கு வயிறு குளுந்துபோச்சு சார்.

அப்புறம் அவங்களுக்குக் கால் வீங்குச்சு. ஆஸ்பத்திரியில அவங்கள ரத்தம் எடுக்க உள்ள கூட்டிப் போயிருந்தாங்க. இவரு வெளிய வண்டி நிறுத்த எடம் தேடிக்கிட்டிருந்தாரு. டாக்டர் என்கிட்டதான் சொன்னாரு. கிட்னி ரெண்டும் பாதிக்கு மேல போச்சு, தண்ணியில எந்த உப்பும் கலக்கக் கூடாது, கலந்தா உசுருக்கே ஆபத்துன்னு. பாவம், படிச்ச மனுசன், பொறுமையா ரெண்டு தடவ சொன்னாரு. நான் தலைய ஆட்டுனேன். வீட்டுல யாருக்கும் சொல்லல.

ஒரு நாள் வெறும் தண்ணி வெச்சுப் பாத்தேன். பழைய மூஞ்சி திரும்பி வந்துட்டுது. மறுநாளு கலந்துட்டேன். வரவர கொஞ்சம் கூடுதலாவே. கேட்டு வாங்கிக் குடிக்கிறவங்கள வேணாம்னு சொல்ல நான் யாரு?

ஒடம்பு பூரா வீங்கி மூச்சு வாங்க ஆரம்பிச்சு, ஆஸ்பத்திரியில சேத்த மூணாம் நாளு, அங்க குடுத்த தண்ணிய வேணாம்னுட்டாங்க. அளந்துதான் குடுக்கணும்னு நர்ஸம்மா சொல்லியிருந்தாங்க. நானும் அளந்துதான் குடுத்தேன். வீட்டுல பொட்டலம் முழுசையும் கொட்டிக் கலந்து கொண்டாந்தத. கொன்னுடும்னு தெரியும் சார், அத நான் மறைக்கல.

குடிச்சிட்டு என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. "உன்னாட்டம் மருமவ யாருக்குடி கெடைப்பா"ன்னாங்க. அதுக்கப்புறம் பேச்சில்ல. நான்தான் கொன்னேன்னு எழுதிக்குங்க, கையெழுத்து போடறேன். அவங்க சொன்ன அந்த வார்த்தைய மட்டும் மொத வரியில போட்டுடுங்க.