மெரூனுக்கு என்ன அர்த்தம்

– அசையாம நில்லுடி. இடுப்பு அளவு எடுக்கும்போதுதானா உனக்குச் சிரிப்பு வரணும்?

– கூசுதுக்கா. சரி, நின்னுட்டேன். நீ அளவு எடுத்துக்கிட்டே கேளு. நீ டிரெஸ் பண்ற டிவி நாடகத்துல, முதல் எபிசோட்ல கதாநாயகி மாடிப்படியில இறங்கி வருவாளே, அந்த மஞ்சள் கவுன். அதே வெட்டு, அதே கழுத்து. ஆனா மெரூன்ல.

– மஞ்சள்லயே போட்டா என்னவாம்? உனக்குச் சின்ன வயசுலேர்ந்து மஞ்சள்தானே உயிர்?

– அது அப்போ. இப்போ மெரூன்தான். அவருக்கும் அதே துணியில ஒரு சட்டை தச்சுடு. கல்யாண நாளுக்கு ஜோடியாப் போடணும்னு அவருக்கு ஆசை.

– கடையிலதான் பொம்மைக்கு மாட்டி வெச்சிருக்கானே, "ஜோடி மெரூன்"னு. இன்னைக்குக் காலையில பஸ் ஸ்டாப்புல ஒரே மாதிரி நாலு ஜோடி நிக்குது. எனக்குப் பார்க்கவே பிடிக்கல.

– உன் நாடகத்தைப் பார்த்துட்டுத்தானே போடறாங்க? நீ பெருமைப்படணும்க்கா.

– பெருமையாம், பெருமை. கையைத் தூக்கு. ஆமா, நான் உனக்கு மஞ்சள்ல ரெண்டு சட்டை தச்சுக் கொடுத்தேனே, அதைப் போட்டுக்கிட்டு நீ வந்து நான் பார்த்ததே இல்லையே?

– அதெல்லாம் யாருக்கோ கொடுத்துட்டோம்.

– கொடுத்துட்டோமா? கொடுத்துட்டாரா?

– ரெண்டும் ஒண்ணுதானே. சத்தியமா சொல்றேன், எங்க தெருவுல உன்னைப் பத்திப் பேசாத ஆளில்ல. ஒரு பொண்ணு வீடியோவே போட்டிருக்கா. மூணு வருஷ நாடகத்தையும் அலசித் தள்ளிட்டா. "ஆரம்பத்துல அவ முழுக்க மஞ்சள். ஹீரோ வந்த அடுத்த எபிசோட்லயே கைக்குட்டை மெரூன். அப்புறம் பெல்ட். அப்புறம் செருப்பு வார். காதல் கொஞ்சம் கொஞ்சமா அவ மேல ஏறுது"ன்னு சொல்றா.

– காதலா ஏறுது? துருடி அது. துரு!

– என்னது?

– ஒண்ணுமில்ல. திரும்பி நில்லு, முதுகு எடுக்கணும்.

– மேடம், உள்ள வரலாமா? வந்துட்டேன்!

– டைரக்டர் சார், அளவு எடுக்கற ரூம் இது. கதவைத் தட்டிட்டு, பதில் வந்த பிறகு வரணும்.

– தட்டினேனே, உள்பக்கம் வந்து. ஹா ஹா. இவங்க யாரு, புது நடிகையா?

– என் தங்கச்சி.

– வணக்கம்மா. மேடம், சிம்பிள் விஷயம். நாளைக்கு அவ அவனை மன்னிக்கிறா. ஆஸ்பத்திரி வாசல். மழை. ஓடி வந்து கட்டிப்பிடிக்கிறா. தலையிலேர்ந்து கால் வரைக்கும் மெரூன். ஒரு நூல்கூட வேற நிறம் தெரியக் கூடாது. சிம்பிள்.

– எதுக்காக மன்னிக்கிறாளாம்? பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணி, டீச்சரா இருந்தவளைப் பத்தி அசிங்கமாச் சொல்லி, வேலையைப் பிடுங்கினானே, அதுக்கா? அவ போனைச் சுவத்துல அடிச்சு உடைச்சானே, அதுக்கா?

– அப்புறம் அழுதானே மேடம்! ஒரு ஆம்பிளை ஒரு எபிசோட் பூராவும் அழுதான். ஜனங்க உருகி ஓடிட்டாங்க.

– இந்த ஜனங்க நீலச் சட்டைக்காரனுக்கு ஏன் உருகல?

– அந்த மருந்துக்கடைப் பையனா? "பக்கத்துல உக்காரலாமா"ன்னு கேட்டுட்டு உக்காருறவனை எவன் மேடம் பார்ப்பான்? ரேட்டிங் விழுந்துச்சு, வெளிநாட்டுக்கு அனுப்பிட்டேன். சிம்பிள்.

– அந்த ஆகாச நீலத்துக்கு நான் எத்தனை கடை ஏறி இறங்கினேன் தெரியுமா? அவன் பக்கத்துல நிக்கும்போதெல்லாம் அவளோட மஞ்சள் மங்காம, தன் பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டிருக்கும். ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னாது. நீங்க ஒரு தடவையாவது கவனிச்சீங்களா?

– கவனிச்சேன். அழகா இருந்துச்சு. கூடவே தூக்கமும் வந்துச்சு. நம்ம ரெண்டு பேருக்கும் எதுக்குச் சண்டை? உங்க தங்கச்சியையே கேட்போம். ஏம்மா, உனக்கு எந்த ஜோடி பிடிக்கும்? நீலமா, மெரூனா?

– எங்க வீட்டுக்காரருக்கு மெரூன்தான் சார் பிடிக்கும்.

– உன்னைக் கேட்டார்டி.

– எனக்கும்தான்.

– பார்த்தீங்களா மேடம்? வீடு வீடா இதான் நிலவரம். காலையில ஏழு மணிக்கு டிரெஸ் ரெடியா இருக்கணும். முடியலைன்னா சொல்லுங்க, வேற ஆளைத் தேடறதும் சிம்பிள்தான். வரட்டுமா?

– கதவைச் சாத்திட்டுப் போங்க.

– போயிட்டார்க்கா.

– ஆள் போயும் அந்த சென்ட் வாடை போகுதா பாரு. ஜன்னலைத் திற. நல்லாத் திற. இந்த ஆள் தொட்ட ஸ்கேலைக்கூட டெட்டால் போட்டுத்தான் கழுவணும்.

– அவ்வளவு கோபமா? நல்லாத்தானே பேசினார்.

– நல்லாப் பேசறான், அதான் அருவருப்பு. நாளைக்கு நான் அவளுக்கு அந்த டிரெஸ்ஸைக் கொக்கி மாட்டி விடணும். என் கையால.

– அக்கா, அப்போ துருன்னு ஏதோ சொன்னியே, என்ன அது?

– விடு.

– சொல்லேன். நான் யார்கிட்ட போய்ச் சொல்லப் போறேன்?

– இந்தக் கதையை முதல் தடவை படிச்ச அன்னைக்கே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அவன் பின்னாலயே போறான், மிரட்டறான், பூட்டி வெக்கிறான், இவ அவனுக்காக உருகறா. நான் துணி எடுக்கறவ. வசனத்துல ஒரு கமாவை மாத்தக்கூட எனக்கு அதிகாரம் இல்ல. சரி, துணியிலயாவது சொல்லுவோம்னு இறங்கினேன். அவன் பொய் சொல்ற சீன்ல மட்டும் மெரூன். மத்த நேரம் பூரா சாம்பல். அவன் அவளுக்கு ஒரு கெடுதல் பண்ணினா, அடுத்த எபிசோட்ல அவ மேல ஒரு சொட்டு மெரூன். இரும்புல துரு பிடிக்கிற மாதிரி. கைக்குட்டை, பெல்ட், வார்... அந்தப் பொண்ணு வரிசை விடாமக் கண்டுபிடிச்சிருக்கா. அர்த்தத்தைத்தான் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டா.

– அப்போ அது காதல் இல்லையா?

– காதலும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. அபாயம்னு எழுதித் தொங்கவிட்டேன்டி. பார்க்கறவங்க பதறிப்போய், "ஐயோ, ஓடிடுடி"ன்னு டிவியைப் பார்த்துக் கத்துவாங்கன்னு இருந்தேன். இவங்க என்னடான்னா அதையே வாங்கி மாட்டிக்கிட்டுப் போட்டோ எடுக்கறாங்க.

– ஆனா நீதானே சொன்னே.

– என்ன சொன்னேன்?

– டிவி பேட்டியில. ஆறு மாசம் இருக்கும். பேட்டி எடுத்த பொண்ணு கேட்டா, "மெரூனுக்கு என்ன அர்த்தம் மேடம்"னு. நீ சிரிச்சே. "ஆழமான காதல்"னு சொன்னே.

– ...அதை நீயும் பார்த்தியா?

– பார்த்தேன்.

– பக்கத்துல இந்த டைரக்டர் உக்காந்திருந்தான்டி. காலை ஆட்டிக்கிட்டு, என் வாயையே பார்த்துக்கிட்டு. அடுத்த வருஷத்துக்கு என்னை வெச்சுக்கறாங்களா இல்லையான்னு அப்போ தெரியாது. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். சொன்ன மாத்திரத்துல வாயெல்லாம் கசந்துச்சு. வீட்டுக்கு வந்து பல்லு தேய்ச்சேன், நம்புவியா? பட்டப்பகல்ல, பைத்தியக்காரி மாதிரி. அடுத்தவங்களைச் சொல்லி என்ன? என்னைப் பார்த்தாலே எனக்கு அருவருப்பாத்தான் இருக்கு.

– நானும் எங்க வீட்டுக்காரரும் சேர்ந்துதான் பார்த்தோம். அந்த இடம் வந்ததும் அவர் நிறுத்தினார். திரும்பப் போட்டார். மறுபடியும் திரும்பப் போட்டார். "நல்லாக் கேட்டுக்கோ, உங்க அக்காவே சொல்றா"ன்னார்.

– எதுக்கு அப்படிச் சொல்லணும் அவர்?

– அதுக்கு முந்தின வாரம்தான் என் வேலை போச்சு.

– கண் டாக்டர்கிட்ட பார்த்த வேலையா? நீயாத்தான் விட்டுட்டேன்னு சொன்னே? அலுப்பா இருக்குன்னு சொன்னே?

– யாரோ டாக்டருக்குப் போன் பண்ணி என்னைப் பத்திச் சொன்னாங்களாம். என்ன சொன்னாங்கன்னுகூட டாக்டர் சொல்லல. என் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியல அந்தப் பெரிய மனுஷனால. சம்பளக் கவரைக் கையில கொடுத்து, "வேண்டாம்மா"ன்னார்.

– யாருடி? யார் போன் பண்ணினது?

– நாடகத்துல அந்தப் பள்ளிக்கூட எபிசோட் வந்துச்சே. அதுக்கு மறுநாள்க்கா.

– ...உன் புருஷனா?

– அப்புறம் அழுதார்.

– சீ!

– ஒரு நாள் பூரா, என் காலைப் பிடிச்சுக்கிட்டு. "உன்னை விட்டுட்டு என்னால இருக்க முடியல, அதான் அப்படிப் பண்ணிட்டேன்"னார். எதிர் வீட்டு அம்மாகூட வந்து பார்த்துட்டு, "கொடுத்து வெச்சவடி நீ"ன்னாங்க.

– கொடுத்து வெச்சவளா? ஏன்டி, ஆறு மாசமா இதை வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டா இருந்தே? போன்ல அத்தனை தடவை பேசினோம். ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லக் கூடாதா?

– ஸ்பீக்கர்ல போட்டுத்தானே பேசுவேன். அவர் பக்கத்துலயே இருப்பார். அதுவுமில்லாம, சொல்லி என்ன ஆகும்? அதுக்குப் பேர் காதல்னு நீயே சொல்லிட்டே. ஊரே கைதட்டுது. அப்போ எனக்குத்தான் புரியலையோ, நான்தான் பொல்லாதவளோன்னு இருந்தேன். இங்க வந்து நின்னும் எனக்குத் தெரியல, உன்கிட்ட சொல்லலாமா, வேண்டாமான்னு. நீ துருன்னு சொன்ன பிறகுதான் மூச்சே வந்துச்சு.

– நான் பாவிடி. நான்... உக்காரு. முதல்ல உக்காரு. தண்ணி குடி.

– இரு, போன் அடிக்குது.

– எடுக்காதே.

– எடுக்கலைன்னா மேல வந்துடுவார்க்கா. பேசாம இரு. ...சொல்லுங்க. ஆமாங்க, அளவு எடுத்துக்கிட்டிருக்காங்க. இல்லங்க, வேற யாருமில்ல, அக்கா மட்டும்தான். மெரூன்தாங்க, சொல்லிட்டேன். தோள், கை ரெண்டும் பாக்கி இருக்கு. இருபது நிமிஷம் ஆகும்ங்க. சரிங்க. சரிங்க. சரிங்க.

– எங்கேர்ந்து பேசறார்?

– கீழ, கேட்டுக்கு எதிர்ல. வண்டியில உக்காந்திருக்கார். வேலை போனதுலேர்ந்து நான் தனியா எங்கயும் போனதில்ல. அளவு எடுக்கணும்னா மட்டும்தான் விடுவார்னு கணக்குப் போட்டேன்.

– அந்த ஆளை இப்பவே கீழ போய் நாலு கேள்வி கேட்டுட்டு வரேன். உனக்கு இந்தக் கண்றாவிக் கவுனை நான் தைக்க மாட்டேன், என் கையை வெட்டிப் போட்டாலும் தைக்க மாட்டேன்.

– கவுன் யாருக்குக்கா வேணும்? கைப்பையில என் சர்டிபிகேட், பாஸ்போர்ட் எல்லாம் கொண்டுவந்துட்டேன். இந்தக் கட்டடத்துக்குப் பின்வாசல் இருக்கா?