பதக்கம் வாங்கியவன் மூழ்கமாட்டான்

மேடையில் இருக்கும் பதிப்பக முதலாளி அவர்களே, மூன்றாவது வரிசையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் விற்பனை மேலாளர் அவர்களே, நாற்காலி போதாமல் காகிதக் கட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கும் அச்சகத் தோழர்களே, எல்லாருக்கும் மேலாகப் பென்சிலக்காவின் மகளே, வணக்கம்.

இரங்கல் கூட்டம்தான், ஆனாலும் அழுதால் அக்காவுக்குப் பிடிக்காது. "கண்ணீர் பட்டா புரூஃப் ஊறிடும், தள்ளி நின்னு அழு" என்று இதே கூடத்தில் என்னிடம் சொன்னவர் அவர். அதனால் தள்ளியே நிற்கிறேன்.

முப்பத்தோரு வருடம் இங்கே புரூஃப் திருத்தியவர் நம் பென்சிலக்கா. அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு பக்கம்கூட இயந்திரம் ஏறியதில்லை. பிழையைத் திருத்துவதுதான் தன் வேலை, கதையைத் திருத்துவது அல்ல என்று நூறு முறை சொல்லியிருப்பார். அப்படிப்பட்டவர் ஒரு பையனின் உயிரை எப்படிக் காப்பாற்றினார்?

என் முதல் நாவலில் இரண்டு பையன்கள். பதினோராம் வகுப்பு. ஒருவன் நீச்சலில் தங்கப் பதக்கம் வாங்கியவன். மற்றவனுக்குத் தண்ணீரைப் பார்த்தாலே கால் நடுங்கும். முதலாமவன் அவனுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறான். இரண்டு பேருக்கும் காதல் வருகிறது. அவ்வளவுதான் கதை. இதில் யார் குடி கெட்டது?

விற்பனை மேலாளர் சொன்னார்: "காதல் இருக்கட்டும் தம்பி. கடைசியில ஒருத்தன் செத்துடணும். அப்பதான் பரிதாபம் வரும், பள்ளிக்கூடத்துல வாங்குவாங்க."

உயிரோடு இருந்தால் ஒழுக்கக்கேடு, செத்தால் இலக்கியம். இதுதான் நம் ஊர் நியாயம். எனக்குக் கோபம் வந்ததா? வந்தது. மறுத்தேனா? இல்லை. புத்தகம் வந்தால் போதும் என்று, என் கையாலேயே அந்த நீச்சல்காரனைக் கல்குவாரிக் குட்டையில் மூழ்கடித்தேன்.

புரூஃப் திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "இரண்டாம் அத்தியாயத்தில் பதக்கம். கடைசியில் இடுப்பளவுத் தண்ணீரில் மூழ்குகிறான். எப்படி? தகவல் பிழை."

"மனசு உடைஞ்சு மூழ்கிட்டான்க்கா" என்றேன்.

"எனக்கும்தான் மனசு உடைஞ்சிருக்கு. சைக்கிள் ஓட்ட மறந்துடுச்சா என்ன?"

"அப்ப பதக்கத்தை எடுத்துடலாம்" என்றார் மேலாளர்.

"தாராளமா எடுங்க. அப்புறம் யாரு யாருக்கு நீச்சல் கத்துக்குடுத்தது? காதல் எங்கேருந்து வந்துச்சு, கூரியர்லயா?"

மூன்று நாள் இயந்திரம் நின்றது. முதலாளி மாடியிலிருந்து இறங்கி வந்தார். அக்கா நாற்காலியை விட்டு எழவில்லை. "பிழையோட நான் கையெழுத்துப் போட்டதில்ல சார். வேணும்னா வேற ஆளைப் பாருங்க" என்றார். முதலாளி அவர்களே, நீங்கள் என்ன சொன்னீர்கள், நினைவிருக்கிறதா? "பையனை மேல கொண்டு வாப்பா, மிஷின் சும்மா நிக்குது" என்றீர்கள். கொள்கைக்காக இல்லைதான். இருந்தாலும் நன்றி.

கொண்டு வந்தேன். மறுபடியும் பென்சில்: "மேலே வந்துவிட்டான், சரி. துண்டு எங்கே? சளி பிடிக்கும்."

அப்படித்தான் மற்றவன் துண்டோடு கரையில் ஓடி வந்தான். "அறிவிருக்காடா உனக்கு" என்று திட்டிக்கொண்டே தலையைத் துவட்டிவிட்டான். நாவலின் கடைசிக் காட்சி அதுதான். அந்தத் துண்டு எதன் குறியீடு என்று ஒரு பேராசிரியர் நான்கு பக்கம் எழுதினார். ஐயா, குறியீடெல்லாம் இல்லை. சளி.

ஒரு நாள் கேட்டேன்: "அக்கா, இந்தக் காதல் உங்களுக்குச் சரின்னு படுதா?"

"அதை யாரு என்னைக் கேட்டா? இந்த மாதிரி நாலு கதை இந்த மேசைக்கு வந்துச்சு. நாலுலயும் பையன் செத்தான். ஒரே பிழை நாலு தடவை வந்தா அது கை தவறி வர்றது இல்ல தம்பி. வேணும்னே பண்றது."

அக்காவின் இழுப்பறையில், இந்த நாவலைப் பற்றி ஒரு தாய் எழுதிய கடிதம் இருந்தது. "என் மகன் கடைசிப் பக்கத்தை முதலில் படித்தான். இரண்டு பேரும் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்ட பிறகுதான் முதல் பக்கத்துக்கு வந்தான்." ஒரு பதினாறு வயசுப் பிள்ளை அப்படிச் சரிபார்த்துக்கொண்டு படிக்க வேண்டியிருக்கிறதே, வெட்கமாக இல்லையா நமக்கு?

இப்போது இரண்டாம் பதிப்பு வரப்போகிறது. "அக்காதான் இல்லையே, முடிவை ஒரு தடவை யோசிக்கலாமா?" என்று மேலாளர் நேற்று கேட்டிருக்கிறார். பைண்டிங் தோழர்கள் பதில் சொல்லிவிட்டார்கள்: "அவன் மூழ்குற பக்கத்தை நாங்க மடிக்கமாட்டோம்." அக்காவின் மகள் அந்தப் பென்சிலைச் சீவி மேசையில் வைத்துவிட்டார். இனி அந்த நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடப்போவது அவர்தான்.

என் பங்குக்கு நானும் வாக்குக் கொடுக்கிறேன். நீச்சல் தெரிந்தவனை இனி மூழ்கடிக்கமாட்டேன். தெரியாதவனையும்தான். முதலாளி அவர்களே, உங்கள் வாக்கு? பேச வேண்டாம், தலையை ஆட்டினால் போதும்.

ஆட்டிவிட்டார். எல்லாரும் பார்த்துக்கொண்டீர்கள். மேலாளரும் செல்போனைக் கீழே வைத்துவிட்டார்.

போய் வாருங்கள் அக்கா. பையன் கரையில்தான் இருக்கிறான். தலை நன்றாகக் காய்ந்துவிட்டது.