செவலையின் வயிறு

— துடைச்சது போதும் தமேலி. உதடு பிஞ்சிரப் போகுது.

— கிட்ட வராத எர்கின் அண்ணா. என் உதடு இன்னும் நாறுது. ஆட்டுக்கொழுப்பும் புளிச்ச குதிரைப்பாலும்.

— பாரு கண்ணு, குதிரையில துரத்திப் பிடிக்கிற ஆட்டம்னா அப்படித்தான். ஒராஸ் எட்டிப் பிடிச்சான், முத்தம் கொடுத்தான். பிடிக்காம விட்டிருந்தான்னா, திரும்பி வர்றப்போ நீ துரத்தித் துரத்திச் சவுக்கால விளாசியிருப்ப. போன வசந்தத்துல எத்தனை பேர் முதுகை உரிச்ச?

— இதே செவலைக் குதிரை மேல உக்காந்துதான் உரிச்சேன். இன்னைக்கு அதுக்கு என்ன வந்துச்சு?

— வயசாகுதுல்ல.

— ஒரு வருஷத்துலயா?

— பாரு கண்ணு, ஒராஸோட அப்பா சார்சென் ஐயா நம்ம கூடாரத்துக்கே வந்து உக்காந்துட்டாரு. ‘உங்க மகன் என்னைப் பிடிச்சா கட்டிக்கிறேன்’னு ஊர் முன்னால சொன்னது யாரு? காலேஜ் முடிச்ச பொண்ணு, வாக்கு மாறலாமா?

— பிடிக்க முடியாதுன்னு தெரிஞ்சுதான் சொன்னேன்.

— பிடிச்சிட்டானே! அவங்க ஆத்தோர மேய்ச்சல் இனி நம்ம மந்தைக்கும்தான்.

— காலையில செவலைக்குத் தண்ணி காட்டினியா?

— நானா? ஓட்டத்துக்கு முன்னாடி குதிரையைப் பட்டினி போடணும்னு எனக்குத் தெரியாதா?

— போய் அது வயித்துல காதை வச்சுப் பாரு. தோல்பை மாதிரி களக் களக்குங்குது. கடிவாளத்துல ஈரப்புல்லு ஒட்டியிருக்கு. உன்னையும் என்னையும் விட்டா அது யார் கையிலயும் குடிக்காது.

— ...கொஞ்சம்தான் காட்டினேன்.

— த்தூ!

— உன் நல்லதுக்குத்தான்டி!

— மூச்சு முட்டி முட்டி ஓடுச்சு. ஒராஸ் பின்னாலயே வர்றான், அது என்னைத் திரும்பித் திரும்பிப் பார்க்குது. நீ அங்க நின்னு கைதட்டிட்டிருந்த.

— மெதுவாப் பேசு. ஆமா, கையில என்ன சவுக்கு? பிடிபட்டவளுக்குச் சவுக்கு கிடையாதே.

— ஒராஸ் கொடுத்தான். முத்தம் கொடுத்தப்புறம்தான் வயித்துச் சத்தம் அவன் காதுல விழுந்துச்சு. முகமே செத்துப்போச்சு. அவனும் வாயைத் துடைச்சுக்கிட்டான். ‘இது பிடிச்சதா ஆகாது, என்னை அடி’ன்னு முதுகைக் காட்டினான்.

— ஐயோ, அடிச்சிட்டியா? அவங்கப்பா என்ன நினைப்பாரு?

— அடிக்கல. வெளிய வந்து பாரு. அவன் தன் குதிரையை எனக்காகப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். ஊரே வழி விட்டு நிக்குது.

— யாருக்கு வழி?

— உனக்குத்தான். செவலை பக்கம் போகாத, அதால இன்னைக்கு இனிமே முடியாது. கால்லயே ஓடு அண்ணா.