ரெட்டை அம்புக்குறி

எனக்கெல்லாம் எழுத வராது, மன்னிக்கவும். குற்றாலத்திலிருந்து தென்காசி பஸ்ஸில் வரும்போது, முன்சீட்டில் கைக்குழந்தையோடு இருந்த கணவனும் மனைவியும் பேசியதை மட்டும் சொல்கிறேன்.

“ஏட்டி, நாளைக்குத் தட்டம்மை ஊசி வேண்டாம். போட்டா பிள்ளைக்குப் பேச்சு வராதாம். வாட்ஸ்அப்ல வந்திருக்கு.”

“யாரு சொல்லுதா?”

“யாரோ. ரெட்டை அம்புக்குறி போட்டிருக்கு. சரிபாத்ததுக்கு முத்திரைலா அது.”

“பல கை மாறி வந்துச்சுன்னு அர்த்தம். ஐந்தருவியில தண்ணியே இல்லைன்னு காலையில வந்ததுக்கும் ரெட்டை அம்புதான்.”

ஐந்தருவியில் குளித்த ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த கணவர் நிறுத்தினார்.

“பேச்சு வராமப் போனா?”

“உங்க பிள்ளைலா, பேசாம இருக்குமா? நர்சம்மாகிட்ட நீங்களே கேளுங்க.”

மறுநாள் பிரஷர் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஊசி போட்ட பிள்ளை, பஸ்ஸில் பார்த்த அந்தக் கணவரின் தோளில் அழுதுகொண்டிருந்தது.