நடைவண்டிக்குச் சிவப்பு

பெயிண்டு மிச்சமானா எனக்குத் தூரப்போட மனசு வராதுங்கய்யா. சிவகாசியில நாங்க புது வீடு கட்டினப்ப, நிறம் பார்க்க சாம்பிள்னு சின்னச் சின்ன டப்பாவா கடையில கொடுத்தனுப்பினாக. எங்க வீட்டுக்காரவுக பட்டாசுக் கம்பெனி அவசரத்துல ஒண்ணைக் கை காட்டிட்டுப் போயிட்டாக. மிச்சமெல்லாம் என் பொறுப்பு. பிள்ளை இல்லாதவ பகலை எப்படித் தள்ளுவா? தகரப்பெட்டிக்குப் பச்சை அடிச்சேன். ஓட்டை வாளிக்கு நீலம் அடிச்சு அதுல கனகாம்பரம் வச்சேன்.

மாட்டுப் பொங்கலன்னைக்குப் பசுவோட கொம்புக்கு மஞ்சளை அடிச்சுட்டு, டப்பாவைத் தொழுவத்துலயே விட்டுட்டேன். கன்னுக்குட்டி நக்கிருச்சு. கண்ணு தெரியாம சுவத்துல முட்டி முட்டிச் செத்துப்போச்சு. "பெயிண்டுல ஈயம் இருக்கும்மா, வாய் வைக்கிற எதுலயும் அடிக்காதீக"ன்னாரு மாட்டு டாக்டரு. அன்னைக்குப் பூரா எனக்குச் சோறு இறங்கல.

கொழுந்தன் பொண்டாட்டி பத்திரகாளி அதே முற்றத்துல பக்கத்து வீடு. அவ வளைகாப்புக்கு என்னைய வளையல் போடக் கூப்பிடல. "நீ அடுப்படியப் பாரு தாயி"ன்னு அத்தை நயமாத்தான் சொன்னாக. அந்த நயந்தான் எரிஞ்சது. வந்த சனத்துக்கெல்லாம் அஞ்சு வகைச் சோறும் நான்தான் கிண்டினேன்.

ஆம்பளப் பிள்ளை. மாமனார் பேரை வச்சதால மருமக்க நாங்க வாய்விட்டுக் கூப்பிட முடியாது. நான் ராசான்னு கூப்பிடுவேன். நான் தூக்கினா அழுகையை நிப்பாட்டுவான். ஆனா நான் தூக்கின அன்னைக்கெல்லாம் பத்திரகாளி உப்பு மிளகாய் சுத்திப் போடுவா, என் முன்னாலயே.

எங்க பக்கத்து வழக்கம் உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். பிள்ளை நோஞ்சானா இருந்தா, பெத்தவளுக்கு ராசியில்லைன்னு வேற ஒருத்திக்குத் தவிட்டுக்கு வித்துருவாக. தேறினதும் திருப்பி வாங்கிக்கிடுவாக. இவனுக்கு ஒரு நோவும் இல்ல. அதான் சங்கடம்.

பல்லு முளைக்கிற சமயத்துல ஒரு நடைவண்டி வாங்கி, மிச்சமிருந்த சிவப்பை அடிச்சுக் கொடுத்தேன். இந்தா, உங்க ஸ்டேசன் மேசை மேல இருக்கே, அதேதான். கைப்பிடிக்கு மட்டும் கூட ஒரு பூச்சு. அவன் அதைத் தள்ளினதைவிடக் கடிச்சதுதான் அதிகம்.

வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அழ ஆரம்பிச்சான். விருதுநகர் டாக்டரு பூச்சி மருந்து கொடுத்தாரு. தவிட்டுப் பேச்சை எடுத்தது அத்தைதான், நான் வாயே திறக்கல. பத்திரகாளி முறத்துல பிள்ளையப் போட்டு நீட்டினா. ஒரு படி தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கிட்டேன். அன்னைக்கு வந்த சந்தோசம் கல்யாணத்தன்னைக்குக்கூட எனக்கு வரல. வண்டியப் பரண்ல போட்டுட்டேன். பாலும் பருப்புச் சோறுமா ஊட்டி ஊட்டித் தேத்தினேன். என்னைய அம்மான்னு கூப்பிட்டான்.

தேறினதுதான் தப்பாப் போச்சு. பத்திரகாளி வாசல்ல வந்து நின்னா. "அக்கா, எம்பிள்ளைய உசுராக்கிக் கொடுத்துட்டீக. ஆவணி பிறக்கவும் வாங்கிக்கிடுதேன்"னு கையெடுத்துக் கும்பிட்டு அழுதா. எனக்கும் அழுகை வந்துச்சு. அவ போனதும் பரண்ல இருந்து வண்டிய இறக்கி, அவன் கடிச்சு உரிஞ்ச இடத்துல மறுபடி சிவப்பை அடிச்சேன்.

கொஞ்சம் வயித்துவலி வந்தாப் போதும்னுதான் நினைச்சேன். வந்துச்சு. ஆவணி தள்ளிப்போச்சு, புரட்டாசியும் தள்ளிப்போச்சு. தேறுற மாதிரி இருந்தா இன்னொரு பூச்சு அடிப்பேன். சீனாக்காரன் சண்டை நடந்த அந்த ஐப்பசியில, ஊரே தீபாவளி ஆர்டருக்கு ஓடிக்கிட்டு இருந்தப்ப, அவனுக்கு வலிப்பு வந்துச்சு. கடைசியில கண்ணும் தெரியல. என் குரலைக் கேட்டுத்தான் முகத்தைத் திருப்பினான். என் மடியிலதான் போனான்.

திருப்பி வாங்காத பிள்ளைன்னு, குழிக்கு மண்ணுத் தள்ள எங்க வீட்டுக்காரவுகளைத்தான் முன்னால நிறுத்தினாக. பத்திரகாளி மூலையில கிடந்து அழுதா. துக்கம் கேட்க வந்தவுக எல்லாரும் என் கையைத்தான் பிடிச்சாக.

நான் அவனைக் கொல்லலைய்யா. திருப்பிக் கொடுக்கல, அம்புட்டுத்தான்.