வாங்கோ, வீட்ட போவம்

பின்னேரம் ஆறரை. முள்ளியவளையிலிருந்து வற்றாப்பளைக்குப் போகும் வீதி. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல். எதிரே ஒரு சைக்கிள்கூட இல்லை. அந்த வீதியில் ஒரு ஆட்டோ, ஒரு பக்கம் சாய்ந்தபடி... மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

ஓட்டியவன் என் மச்சான் சஜீவன். பின்னால் கௌசலா. அவளுக்குப் பக்கத்தில் சேலை போர்த்திய ஒரு பொறிக்கூடு. கூட்டுக்குள் ஒரு பூனை.

கிட்ட வந்து இருங்கள். டோர்ச்சை அணையுங்கள். நாம் வைத்த கூட்டில் பூனை விழும்வரை எப்படியும் இருட்டில்தான் இருக்க வேண்டும். அதுவரைக்கும் சொல்கிறேன்.

கௌசலாவும் நம்மைப் போலத்தான். தெருப் பூனைகளைக் காயப்படாமல் பிடிப்பாள். மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் கருத்தடை செய்விப்பாள். பிறகு நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பாள். ஊரெல்லாம் பூனை கொடுத்தவள், தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொண்டதில்லை. புருஷன் கட்டாரில். பிள்ளை இல்லை.

ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். மீன் சந்தையில் திரிந்த ஒரு பெட்டைப் பூனை. கறுவாப்பட்டை நிறம். பெயரும் கறுவா.

பெயர் வைத்தவர் இரஞ்சிதம். சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்கிறவர். கௌசலா காசு கொடுத்து வாங்கிய பூனைச் சாப்பாட்டைக் கொண்டுவந்து கொட்டுவாள். கறுவா தின்னும். தட்டையும் நக்கும். பிறகு வாலை நிமிர்த்திக்கொண்டு நேரே போய் இரஞ்சிதத்தின் மடியில் ஏறிச் சுருண்டுவிடும்.

"பிள்ளை, உன்ர சாப்பாடு அவளுக்கு நல்லாப் பிடிச்சிருக்கு." வெற்றிலை வாயோடு சிரிப்பார் இரஞ்சிதம். "ஆனா மடி எண்டா, என்ர மடிதான்."

சந்தையே சிரிக்கும். கௌசலாவும் சிரிப்பாள். அன்றைக்கு இரவு அவளுக்குச் சோறு இறங்காது.

மாரியில் இரஞ்சிதம் காய்ச்சலில் போய்விட்டார். செய்தி சொன்னவனிடம் கௌசலா கேட்ட முதல் கேள்வி, "அப்ப... அந்தப் பூனை?"

பூனை மீன் வெட்டும் மேசைக்குக் கீழே கிடந்தது. யாரிடமும் போகவில்லை. கௌசலா கருவாடு வைத்தாள், பால் வைத்தாள். 'லில்லி' என்று புதுப் பெயர் வைத்தும் கூப்பிட்டுப் பார்த்தாள். அது காதைக்கூட அசைக்கவில்லை. கூடு வைத்தால் கூட்டைச் சுற்றிப் போனது.

கடைசியில் அவள் ஒன்று செய்தாள். மேசைக்கு மேலே வெயில் மறைக்க இரஞ்சிதம் தன் பழைய சேலையைக் கட்டியிருந்தார். அதை அவிழ்த்துக் கூட்டின்மேல் போர்த்தினாள்.

சஜீவனுக்குப் பிடிக்கவில்லை. "அக்கா, செத்த மனுசியின்ர சீலை. வேண்டாம்."

"மணம் பிடிச்சாத்தான் வரும்."

"அதுக்கு, கறுவா எண்டு கூப்பிடுங்கோவன். உடன வரும்."

"அது அவா வச்ச பேர். என்ர வாயால வராது."

அதுதான் அவளுடைய பொறாமை. செத்தவர்மேலும் ஆறாத பொறாமை.

சந்தையில் ஆளில்லை. நிழல்கள் நீண்டு ஒன்றோடொன்று கலக்கிற நேரம். கௌசலா கூட்டுக்கு முன்னால் குந்திக்கொண்டு, அந்த மேசையைப் பார்த்து, குரலைக் குழைத்துக் கூப்பிட்டாள்.

"வாங்கோ... வாங்கோ... வீட்ட போவம்."

"பூனைக்கும் மரியாதையோ அக்கா?" என்று சஜீவன் சிரித்தான்.

சின்னப் பிள்ளைகளைக் கொஞ்சும்போது நாம் 'வாங்கோ' என்போமல்லவா? அந்தச் செல்லம்தான். பெரியவர்களைக் கூப்பிடுவதும் அதே சொல்லால்தான். பெயர் சொல்லாமல் கூப்பிட்டால்... யாரைக் கூப்பிட்டோம் என்று கேட்கிறவருக்குத் தெரியுமா?

டக்.

கூட்டின் கதவு விழுந்தது. சேலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கறுவா உள்ளே சாதுவாக இருந்தது. கத்தவில்லை. பிறாண்டவில்லை. பொறிக்குள் விழுந்த பூனை அப்படி இருக்காது, உங்களுக்குத் தெரியும்.

வீதியில் ஆட்டோ சாயத் தொடங்கியது.

"அக்கா, கொஞ்சம் நடுவில இருங்கோ. பாரம் ஒரு பக்கமா இழுக்குது."

"நான் நடுவிலதானே இருக்கிறன்."

அவளுக்குப் பக்கத்தில் கூடு மட்டும்தான். ஆட்டோவுக்குள் மீன் மணம். சேலை மணம் என்று சஜீவன் நினைத்துக்கொண்டான். ஆனால் வெற்றிலையும் மணத்தது... அப்போதுதான் மென்றது போல.

வீட்டு வாசலில் கௌசலா முதலில் இறங்கிப் படலையைத் திறந்தாள். திரும்பிக் கூட்டைப் பார்த்து, "உள்ள வாங்கோ" என்றாள், ஆசையாக.

'கிறீச்' என்று ஆட்டோ ஒரு பக்கம் மேலே எழும்பியது. பாரம் இறங்கினால் எழும்புமே, அப்படி.

கூடு இன்னும் ஆட்டோவின் பின்சீற்றில்தான் இருந்தது.

விதுசன், ஏன் அந்தப் பக்கம் பார்க்கிறாய்? நம் கூட்டின் கதவு இன்னும் விழவில்லை. இங்கே கேள்.

கருத்தடை நல்லபடி முடிந்தது. இடது காதின் நுனியை வெட்டி அடையாளமும் வைத்தாயிற்று. கறுவா கௌசலாவின் வீட்டிலேயே தங்கிவிட்டது. கூட்டைத் திருப்பி எடுக்க ஒருநாள் பின்னேரம் சஜீவன் போனான். கௌசலா மெலிந்துபோயிருந்தாள். பயந்தவள் மாதிரி இல்லை. கோபத்தில் வெந்தவள் மாதிரி.

"வந்து பார்" என்று கூட்டிப்போனாள்.

விறாந்தையில் ஒரு பிளாஸ்டிக் கதிரை. கறுவா அதில் நித்திரை. சஜீவன் முதலில் ஒன்றும் கவனிக்கவில்லை. பிறகு குனிந்து பார்த்தான். கதிரையின் இருக்கைக்கும் பூனையின் வயிற்றுக்கும் நடுவே... ஒரு சாண் வெறும் வெளி. அந்த வெளிக்குள்ளால் பின்பக்கத்துச் சுவர் தெரிந்தது.

"சாப்பாடு போட்டது நான்." கௌசலா பூனையைக் கையால் காட்டினாள். "புண்ணுக்கு மருந்து பூசினது நான். இது என்ர வீடு. என்ர கதிரை. இண்டைக்கு ரெண்டில ஒண்டு பாக்கிறன்."

"அக்கா, வேண்டாம்..."

கௌசலா பூனையைத் தூக்கிக் கீழே விட்டாள். தானே போய் அந்தக் கதிரையில் இருந்தாள். மடியைத் தட்டினாள்.

"வாங்கோ."

கறுவா நிமிர்ந்து பார்த்தது. வெட்டுப்பட்ட காது அசைந்தது. ஒரே பாய்ச்சலில் ஏறிச் சுருண்டு கண்ணை மூடிக்கொண்டது. கௌசலாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம்! சஜீவன் அவளை அப்படிப் பார்த்ததே இல்லையாம்.

பிறகு அந்த வெளிச்சம் அணைந்தது.

பூனை அவள் மடியைத் தொடவில்லை. மடிக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில் கிடந்து... குர்ர்ர்... என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கீழே அவளுடைய பாவாடை தொடையோடு ஒட்டி அமுங்கிக்கொண்டு போனது. எழும்பப் பார்த்தாள், முடியவில்லை. அவளைச் சுற்றி மீன் மணம். பச்சை வெற்றிலை மணம்.

"எழும்புங்கோ" என்றாள் கௌசலா. மூச்சு முட்டியது. "எழும்புங்கோ அம்மா... இது என்ர மடி."

கறுவா கண்ணைத் திறக்கவில்லை. கதிரையின் கால்கள் மட்டும் இன்னும் கொஞ்சம் அகன்றன... யாரோ பின்னுக்குச் சாய்ந்து, வசதியாக இருந்துகொண்டது போல.