கிடங்குச் சாலையின் சரளைக்கல்

மேடையில் அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் ரோஜர் டன்ஸ்டன் அவர்களே! தலைமையாசிரியை அவர்களே! கோதுமை அறுவடையைப் பாதியில் நிறுத்திவிட்டு இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் வாரங்கா மக்களே! கைக்குழந்தையோடு முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும், கேரல் அம்மையாரின் மகள் டெஸ் அவர்களே! எல்லோருக்கும் வணக்கம்.

இயற்பியல் ஆசிரியை கேரல் பென்ஹாலோ அம்மையாருக்குப் பக்கத்து அறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் தச்சு வேலை சொல்லிக்கொடுத்த லைல் நான். காற்று நம்மை எப்படிப் பின்னுக்கு இழுக்கிறது என்று காட்ட, விரித்த குடையோடு சைக்கிளில் மைதானத்தைச் சுற்றியவர் யார்? கேரல் அம்மையார்! பழைய டயரில் சிமெண்டை நிரப்பி, அதில் சுருள்வில் தராசை மாட்டி, பள்ளியையே இழுக்க வைத்தவர் யார்? அவரேதான்! “உராய்வு எவ்வளவுன்னு எழுதிட்ட, சரி. எந்தத் தரையிலடா அளந்த?” என்று கேட்டு மதிப்பெண்ணை வெட்டியவரும் அவரே.

அப்படிப்பட்டவர் கிடங்குச் சாலையில் காரில் வரும்போது பிரேக் போட்டு, சறுக்கி, வாய்க்காலில் கவிழ்ந்து இறந்துபோனார். தொண்ணூறு கிலோமீட்டர் வேகம் அனுமதித்த இடத்தில் நூற்றுப் பத்தில் வந்தாராம்; விபத்து அறிக்கை சொல்கிறது. ஊர் நம்பியது. நானும் நம்பினேன். அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடக்கத்தன்று டெஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்: “வலி எடுத்துடுச்சு, சீக்கிரம் வாம்மான்னு நான்தான் போன் பண்ணேன், லைல். என்னாலதான் அம்மா பறந்து வந்திருக்காங்க.”

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அறிக்கையை எடுத்துப் படித்தேன். டயர்த் தடத்தை அளந்தது விபத்து நடந்த செவ்வாயன்று. சாலையின் பிடிப்பைச் சோதித்தது அடுத்த திங்களன்று. இடையில் வெள்ளிக்கிழமை என்ன நடந்தது? சரளைக்கல் சாலைக்குத் தார் போட்டார்கள்! பதினொரு ஆண்டுகள் கேட்டும் வராத தார், மூன்றே நாளில் எப்படி ஐயா வந்தது? அந்தத் தார் வண்டியைச் சந்தேகிக்கிறேன். இன்று என் கண்ணைப் பார்க்காமல் கைகுலுக்கியவர்களையும் சந்தேகிக்கிறேன்.

“லைல், இது அதுக்கான இடமில்லப்பா.”

“வேற எது இடம், ரோஜர்? ஊராட்சிக் கூட்டத்துல கேட்டா அடுத்த மாசம்ங்கறீங்க!”

உட்காருங்கள், முடித்துவிடுகிறேன். நேற்று கேரல் அம்மையாரின் அந்தச் சிமெண்ட் டயரை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். நாற்பது கிலோ டயர். புதிய தாரில் இழுத்தால் தராசு இருபத்தெட்டு கிலோ காட்டியது. இருநூறு அடி தள்ளி மிச்சமிருக்கும் பழைய சரளையில் இழுத்தால் வெறும் பதினாறு. சரளையில் பிடிப்பு குறைவு. அளவாக வந்த வண்டியும் நெடுந்தூரம் சறுக்கும். அறிக்கையில் உள்ள அவர் காரின் தடம் அறுபத்தெட்டு மீட்டர். சரளையில் விழுந்த தடத்துக்குத் தாரின் பிடிப்பை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்! சரளையின் பிடிப்பை வைத்துப் போட்டால் வேகம் எண்பத்து மூன்று. தலைமையாசிரியையும் போட்டுப் பார்த்துவிட்டார்.

இந்த அறிக்கை திருத்தப்படும்வரை வாரந்தோறும் அந்தச் சாலையில் டயரை இழுப்பேன். அது இப்போது வெளியே என் வண்டியில்தான் இருக்கிறது. கூட வருகிறவர்கள் வாருங்கள். மூடி மறைக்க நினைக்கிறவர்களும் வந்து தராசைப் பாருங்கள்!

டெஸ், கண்ணு, நிமிர்ந்து பார். நீ கூப்பிட்டாய், உன் அம்மா புறப்பட்டார், அவ்வளவுதான். அவர் பறந்து வரவில்லை. என்றைக்கும்போல நிதானமாகத்தான் உன்னிடம் வந்துகொண்டிருந்தார்.